வளையல் சட்டம்

குழந்தை வாயில் போட்டுக்கொண்ட சோழி வெளியே வந்து விழுந்துவிட்டது, அதோடு விஷயமும் முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். சம்சாத் பேகம் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்தது அது. பத்து மாதக் குழந்தை ஷஹர்பானு, தரையில் கிடந்த சோழியை எடுத்து விழுங்கப் போய், மூச்சு முட்டி முகம் நீலம் பாரித்துவிட்டாள். தாய் சம்சாத் அவளைத் தொடையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிய தட்டில் சோழி தெறித்து விழுந்தது.

"அதான் ஒண்ணும் ஆவலியே, இன்னாத்துக்கு இந்த அழுவ?" என்று கேட்டாள் பதருன்னிசா. அவள் சம்சாத்தின் கணவன் நூர்முகமதுவின் அக்கா. பதினைந்து வருஷமாக அந்த வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்குகிறது.

அழுது முடித்த சம்சாத் மறுநாள் காலை ஒரு சட்டம் போட்டாள். பானுவின் கையிலிருந்து ஒரு கறுப்பு வளையலைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினாள். இந்த வளையலுக்குள் நுழைந்து விழுகிற எந்தச் சாமானும் குழந்தை தவழ்கிற தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் அது யாருடையதாக இருந்தாலும் குப்பைக்குப் போகும்.

சட்டம் போடுவதில் கஷ்டமில்லை. ஆனால் எந்த வீட்டில் போட்டாள் என்று பார்க்க வேண்டாமா? மாமல்லபுரத்துக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போகிற சிப்பிப் பொம்மைகள் பிறக்கிற வீடு அது. கூடத்தில் சிப்பி மூட்டை, தாழ்வாரத்தில் சோழிக் கூடை, ஜன்னலில் வஜ்ரப் பசைக் கிண்ணம். சாப்பிட உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் ஒரு குட்டிச் சங்கு குத்தும். அந்த வீட்டில் போய் இவள் கையில் வளையலோடு தரையைத் தடவிக்கொண்டு திரிந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"இன்னா, வளையல் கோர்ட்டு இன்னிக்கு எத்தினி சோழிக்குத் தண்டனை குடுத்துது?" என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார் வீட்டுக்குப் பெரியவர் சௌகத் அலி. நூர்முகமதுவின் அண்ணன். கடையும் அவருடையது, பட்டறையும் அவருடையது, கடைசி வார்த்தையும் அவருடையதுதான்.

இந்த வெள்ளிக்கிழமை அந்தக் கடைசி வார்த்தைக்குச் சோதனை வந்தது.

மெட்ராஸ் பொருட்காட்சியில் விற்பதற்கு ஐநூறு சிப்பிக் கிளிகள் கேட்டிருந்தார்கள். இதுவரை அந்த வீடு பார்க்காத பெரிய ஆர்டர். ஒரு மாதமாக ஒட்டி, காய வைத்து, வர்ணம் பூசி, இரண்டு மரப்பெட்டிகளில் வைக்கோல் போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். கிளி அழகாகத்தான் இருந்தது. பச்சை வர்ணம் அடித்த சிப்பிச் சிறகு, ஊசிச் சங்கில் மூக்கு, இரண்டு பக்கமும் கண்ணுக்குக் குண்டுமணி. சிவப்பு மணியில் கறுப்புப் பொட்டு. கிளி ஆளை உற்றுப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கு எதுவானாலும் அதில் முதல் உருப்படியை வீட்டிலேயே சின்னக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். பாத்திஹா ஓதி, சர்க்கரை பங்கிட்டு, குழந்தை பொம்மையை வாங்கிச் சிரித்தால் சரக்கு வாசலைத் தாண்டும். நூர்முகமது கைக்குழந்தையாக இருந்தபோது சிரித்து வாங்கிய சிப்பி மயில்தான் கடையையே எழுப்பி நிறுத்தியது என்று பதருன்னிசா சொல்லாத நாள் இல்லை.

காலை பத்து மணிக்குப் பித்தளைத் தட்டில் சர்க்கரையும் கிளியும் வந்தன. ஜும்மாவுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை முன்னதாகவே போட்டுக்கொண்டு சௌகத் அலி பாயில் உட்கார்ந்திருந்தார்.

"சம்சாது, புள்ளைய இப்படிக் குடு" என்று கையை நீட்டினாள் பதருன்னிசா.

"குடுக்க மாட்டேன் அக்கா."

அந்த வீட்டில் அக்காவின் கைக்கு மறுப்புச் சொன்ன முதல் ஆள் சம்சாத்தான். இடுப்பிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொன்ன?"

"அந்தக் கிளியப் புள்ள கையில குடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

சௌகத் அலி சிரித்தார். கோபத்தை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது. "உன் சட்டப்படியே பார்ப்போம். எங்க, வளையல எடு."

சம்சாத் மடியிலிருந்து வளையலை எடுத்துத் தட்டில் வைத்தாள். அவர் கிளியை அதன் மேல் வைத்து அழுத்தினார். நுழையவில்லை.

"பாத்தியா? பாஸாயிட்டுது!"

சம்சாத் கிளியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் நகத்தைக் கண்ணுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். குண்டுமணி பெயர்ந்து வந்தது. அதை வளையலுக்கு மேலே பிடித்து விட்டாள். தட்டில் விழுந்து 'டிங்' என்று சத்தம் போட்டு உருண்டது.

"கிளி போவல. கண்ணு போவுது. புள்ள கிளிய முழுங்குமா, கண்ண முழுங்குமா? சொல்லுங்க பெரிய மச்சான்."

சௌகத் அலியின் சிரிப்பு நின்றது. "பசை இன்னும் காயல. ரெண்டு நாள் போனா இறுகிடும்."

"வஜ்ரம் தண்ணி பட்டா இளகிடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். பல்லு முளைக்கிற புள்ள வாயில எச்சிலுக்கா பஞ்சம்? அதுவும் இது குண்டுமணி. கடிச்சா வெஷம்னு எங்க அத்தா சொல்வாரு."

"ஊர்ல எல்லா ஆசாரியும் குண்டுமணிய வெச்சுத்தான் தங்கம் நிறுத்தான். எவன் செத்தான்?"

"எந்த ஆசாரியும் அத வாயில போட்டுக் கடிக்கல."

சம்சாத் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் சௌகத் அலிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துகிறவளை அதட்டி அடக்கலாம். இப்படி நின்று நிதானமாகப் பதில் சொல்கிறவளை என்ன செய்வது?

"இந்த வூட்டு வழக்கம் புடிக்கலன்னா, செங்கல்பட்டுல உங்க அத்தா வூடு கீது. பஸ்ஸும் கீது. போய்க்கினே இரு."

"நான் எதுக்குப் போவணும்? இது என் புள்ள தவழற வூடு. போவ வேண்டியது இந்தக் கண்ணு."

இதுவரை தூணோடு தூணாக நின்றிருந்த நூர்முகமது அப்போதுதான் முன்னால் வந்தான். அண்ணன் பேசினால் அண்ணன் பக்கம், மனைவி பேசினால் மனைவி பக்கம் தலையாட்டுவது அவன் சுபாவம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் பாவம், அவன் கழுத்து வலிக்கும்.

"சண்டை வேணாம். அண்ணே, நீங்க பேஜாராவாதீங்க. நேத்து சாயந்திரமே நான் குடுத்துட்டேன்."

"எத?" என்றாள் சம்சாத்.

"கிளியத்தான். நீ கிணத்தாண்ட துணி தொவச்சிக்கினு இருந்த. நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அதான் பானு கையில கொஞ்ச நேரம் குடுத்து வாங்கி வெச்சுட்டேன். நல்லாச் சிரிச்சா. கால்ல நூல் கட்டிப் பெட்டில மேலாக்க வெச்சிருக்கேன். வழக்கமும் ஆச்சு, உன் மனசும் நோவலன்னு..."

அவன் முடிப்பதற்குள் சம்சாத் பெட்டியின் மூடியைத் தள்ளிவிட்டாள். காலில் சிவப்பு நூல் கட்டிய கிளி வைக்கோலுக்கு மேலேயே இருந்தது. அதை எடுத்து ஒரு பக்கம் பார்த்தாள். கண் இருந்தது. மறுபக்கம் திருப்பினாள்.

அங்கே வெறும் குழிதான் இருந்தது.

குழந்தையின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள். பானு வீறிட்டாள். வாயில் ஒன்றுமில்லை. இருக்குமா என்ன? நேற்றைய விஷயம் அது.

"எங்க வெச்சுக் குடுத்தீங்க?"

"தூ... தூளியில."

"தேடுங்க. எல்லாரும் தேடுங்க. பெரிய மச்சான், நீங்களும்தான்!"

சௌகத் அலியை இதுவரை யாரும் ஏவியதில்லை. ஆனாலும் அவர் எழுந்தார். வெள்ளைச் சட்டையோடு முழங்கால் போட்டுத் தூளிக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். பதருன்னிசா தூளித் துணியை உதறினாள். நூர்முகமது பெட்டியிலிருந்த வைக்கோலை ஒவ்வொரு பிடியாக அலசினான். அரை மணி நேரம் தேடியும் அந்தச் சிவப்பு மணி கிடைக்கவில்லை.

"ஒட்டும்போதே எங்கனா உழுந்திருக்கும்" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டார் சௌகத் அலி. குரலில் பழைய கெத்து இல்லை. "புள்ள நல்லாத்தானே கீது?"

"அத நீங்க சொல்ல வேணாம். டாக்டர் சொல்லட்டும்" என்று சம்சாத் செருப்பை மாட்டினாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். மடியில் பானு, கைப்பையில் ஒற்றைக்கண் கிளி, பக்கத்தில் தலைகுனிந்த கணவன். சவுக்குத் தோப்பும் வயலும் ஏரியும் கடந்து போயின. அவள் எதையும் பார்க்கவில்லை. குழந்தையின் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டான் நூர்முகமது, பாதி வழியில்.

"கோவம் இல்ல. பயம். நீங்க எல்லாருக்கும் நல்லவரா இருக்கணும்னு பாக்கறீங்க. அதுல புள்ளைய மறந்துட்டீங்க."

அவன் பானுவின் பாதத்தை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

டாக்டர் தேவசகாயம் அவசரப்படுகிற ஆள் இல்லை. குழந்தையின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாந்தி உண்டா, பேதி உண்டா, மலத்தில் ரத்தம் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் சம்சாத்.

"எத்தனை பல்லு வந்திருக்கு?"

"கீழ ரெண்டு டாக்டர்."

"முழுங்கியிருக்காளான்னே இப்ப சொல்ல முடியாதும்மா. ஓடு உடையாம முழுசா போயிருந்தா, பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துடும். கடிச்சு உடைச்சிருந்தாதான் ஆபத்து. அது உடனேயும் தெரியலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சும் தெரியலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மூணு நாள் கண்ணு வெச்சுப் பாருங்க. வாந்தி எடுத்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம இங்க வந்துடணும்."

சம்சாத் கைப்பையிலிருந்து கிளியை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இதையா குழந்தைங்களுக்கு விக்கிறீங்க? எத்தனை இருக்கு?"

"ஐநூறு" என்றான் நூர்முகமது, மெதுவாக.

"ஆயிரம் கண்ணு" என்றாள் சம்சாத்.

வெளியே வந்ததும் அவன் அவள் பிறந்த வீட்டுக்குப் போகிற தெருப் பக்கம் திரும்பினான். மூன்று நாளும் இங்கேயே இருந்துவிடலாம், டாக்டருக்கும் பக்கம் என்றான். அவளுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. அம்மா மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு ஒரு மூச்சு அழவேண்டும்போல இருந்தது. ஆனால் ஐந்து மணிக்குச் சரக்கு ஏற்ற மெட்ராஸிலிருந்து வேன் வந்துவிடும். ஒரு கண்ணுக்கே இந்தப் பாடு என்றால், ஆயிரம் கண்ணும் எந்த எந்த வீட்டுத் தூளியில் போய் விழும்? அங்கே வளையலைக் கழற்றி அளந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?

"வூட்டுக்கு" என்று பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.

அவர்கள் திரும்பியபோது வாசலில் மெட்டாடர் வேன் நின்றிருந்தது. டிரைவர் ராமதாஸ் பீடியை அணைத்துவிட்டுக் கயிற்றை உதறிக்கொண்டிருந்தான். இரண்டு பெட்டிகளும் ஆணி அடித்துத் தாழ்வாரத்தில் தயாராக இருந்தன.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" சௌகத் அலிதான் முதலில் கேட்டார். அதில் அக்கறை இல்லை என்று சொன்னால் பாவம்.

சம்சாத் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"வூட்டுக்கு அனுப்பிட்டாரு இல்ல? அப்ப பயமில்ல. நீ புள்ளைய உள்ள இட்டுக்கினு போய்ப் படுக்க வை. ராமதாசு, பெட்டியத் தூக்கு."

சம்சாத் உள்ளே போகவில்லை. தோளில் குழந்தையோடு நேரே தாழ்வாரத்துக்குப் போய் முதல் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"எழுந்திரு."

"மாட்டேன். ஆயிரம் கண்ணையும் நானே பிச்சுத் தரேன். அந்த எடத்துல நானே கறுப்பு மையால புள்ளி வெச்சுத் தரேன். நாளான்னிக்குப் போவட்டும். கண்ணோட போவக் கூடாது."

"பொருட்காட்சிக்காரன் நாளான்னிக்கு வரைக்கும் காத்துக்கினு இருப்பானா? வேற கடைல வாங்கிக்குவான். ஒரு மாசம் எட்டுப் பேர் உக்காந்து ஒட்டின சரக்கு இது!"

"தெரியும். அதுல நானும் ஒட்டியிருக்கேன். இந்தக் கையால எத்தினி கண்ணு வெச்சேன்னு எனக்கே தெரியாது."

சௌகத் அலி அக்காவைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் அக்கா ஒரு சத்தம் போட்டால் போதும், வீடு அடங்கிவிடும். "நீ சொல்லு அக்கா."

பதருன்னிசா உள்ளே போனாள். காலையில் சர்க்கரை வைத்திருந்த அதே பித்தளைத் தட்டோடு வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் தூசி, சேலை முழங்காலில் அழுக்கு.

"காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம தேடிக்கினு கீறேன். அந்தக் குண்டுமணி கெடைக்கல. கெடைச்சத நீயே பாரு."

தட்டில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஒன்பது சோழி, ஒரு சட்டைப் பொத்தான், துருப்பிடித்த ஆணி, சிப்பி மயிலின் உடைந்த கம்பிக் கால், கோலிக்குண்டு, ஊக்கு ஒன்று. அந்த ஊக்கு திறந்திருந்தது.

"இவ தினம் தடவியும், எல்லாம் தூளியச் சுத்தி நாலு மொழத்துல கெடந்துது. ரெண்டு வேளையும் நான் பெருக்கற வூடு இது. எச்சில் பருக்கை ஒண்ணு கெடந்தா இந்தப் பொண்ண நான் இன்னா பேச்சுப் பேசியிருக்கேன்!" அவள் தட்டை ஒரு தடவை குலுக்கினாள். "இது ஒண்ணொண்ணும் அந்த வளையல்ல போவுதுடா தம்பி. போட்டுப் பாத்துட்டேன்."

தட்டைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, சாவிக்கொத்து குலுங்க நடந்து போய் இரண்டாவது பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"நீயுமா?" என்று தட்டும் கையுமாக நின்றார் சௌகத் அலி. "வழக்கம் வழக்கம்னு உசிர விட்டதே நீதானே!"

"ஆமா. முதல் உருப்படி வூட்டுப் புள்ள கைக்கு வரணும்னா, வூட்டுப் புள்ள கையில குடுக்கற மாதிரி செய்யணும். அப்படிச் செஞ்சிருக்கமா?"

சௌகத் அலியின் முகம் சிவந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் ஒரு முடிவோடு வேட்டியை மடித்துக் கட்டினார். "ராமதாசு! நூரு! வந்து தூக்குங்க. நானும் ஒரு கை புடிக்கிறேன்."

ராமதாஸ் தலையைச் சொறிந்தான். நூர்முகமது ஓர் அடி எடுத்து வைத்தான். அண்ணனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் முறையாக எந்தப் பக்கமும் தலையாட்டாமல் வாயைத் திறந்தான்.

"நான் தூக்க மாட்டேன் அண்ணே."

"தூக்கறதா இருந்தா எங்களையும் சேத்துத் தூக்குங்க பெரிய மச்சான்" என்றாள் சம்சாத். "மெட்ராஸ் வரைக்கும் நாங்க இது மேலயே உக்காந்துகினு வரோம். பொருட்காட்சில ஒவ்வொருத்தர் கிட்டயும் நானே சொல்றேன், இதுல இன்னா கீதுன்னு."

சௌகத் அலி பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தேவிட்டார். பிடித்து உலுக்கினார். பெட்டி ஆடியது.

சம்சாத்தின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பானு முனகினாள். அடுத்த கணம் சிறிய உடம்பு ஒரு தடவை துள்ளியது. சம்சாத்தின் தோளெல்லாம் நனைந்தது.

வாந்தி.

பஸ்ஸில் வந்த அலுப்பாக இருக்கலாம். பால் எதுக்களித்ததாக இருக்கலாம். பத்து மாதக் குழந்தை வாந்தி எடுப்பது பெரிய அதிசயமா? ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் ஒருவரும் அப்படி நினைக்கவில்லை. சம்சாத் குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. மறுபடியும் உடம்பு துள்ளியது. முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

முதலில் கையை நீட்டியவர் சௌகத் அலிதான். பெட்டியை விட்ட கையாலேயே குழந்தையை வாங்கித் தன் வெள்ளைச் சட்டையில் சாய்த்துக்கொண்டார்.

"ராமதாசு! கயித்தக் கீழ போடு. பெட்டி கெடக்கட்டும். வண்டியச் செங்கல்பட்டுக்குத் திருப்பு!"

"அண்ணாத்த, மெட்ராஸ்ல சரக்குக்குக் காத்துக்கினு..."

"திருப்புடா!"

வேன் உறுமியது. நூர்முகமது மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினான். முன் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்த சௌகத் அலி, யா அல்லா, யா அல்லா என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வேனில் ஏறிய சம்சாத் திரும்பிப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் அவள் கண் போனது பெட்டிகளின் மேல்தான்.

"அக்கா..."

"இங்கேர்ந்து ஒண்ணும் போவாது. நீ போ" என்றாள் பதருன்னிசா. வண்டி தெரு முனை திரும்பிய பிறகும் அவள் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.